அதியர் கொடிவழி
(ஒகேனக்கல்லில் தமிழன்பர் நடுவே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



குடகு மலையிற் பிறந்து, கன்னட நிலத்தைக் கடந்து, பாறைகளினூடே வீழ்ந்து காவிரித்தாய் தமிழ்நிலம் புகும் இடம் இது. நீர்த்துகள் புகைபோல் எழுதலின் புகைக்கல் என்னும் பொருள்பட இதற்கு ஒகேனக்கல் எனப் பெயர் வந்தது. தனித்தமிழன்பர் உகுநீர்க்கல் என வழங்குவர். ஒகே என்பது வேற்றுச் சொல்லோ? அன்று, நம் புகையேதான். பழங்கன்னடத்தில் சொல்முதலில் நின்ற பகரம், கி.பி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி மூச்சொலியாகத் தேயலாயிற்று. பாலும் புலியும் பள்ளியும் அங்கே தலையெழுத்துத் தேய்ந்தே வழங்குகின்றன. இத்தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளியில் உள்ள அள்ளி, பள்ளியின் தேய்வே. நல்லம்பள்ளியோ தன் பகரத்தை இழவாது நிற்கின்றது. ஒரே மாவட்டத்தில் தாயும் மகளும் அண்டை வீட்டார் ஆயினர்!

சொல்லுக்குக் கொடிவழி உண்டு என்றால் குடிக்கும் உண்டு. இன்று தம் முன்னோரைத் தேடும் வேட்கை பலரிடம் எழுந்துள்ளது. பாட்டன் பெயரை எல்லாரும் அறிவர். பூட்டனை ஒருசிலர் அறிவர். ஓட்டன் பெயர் கேட்டால் வாய் அடைக்கும். அதற்கப்பால் நிலப்பட்டாவும் பழைய விலையோலையும் சில தலைமுறைகளைக் காட்டலாம். ஆனால் இந்தத் தகடூர் நாட்டை ஆண்ட அதியர் குடியின் பெயரோ, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் கல்லிலும் செப்பேட்டிலும் நூலிலும் கிடைக்கின்றது. அது மறைந்த வகையும் மீண்ட வகையும் கேட்கத்தக்கன.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மோரியப் பேரரசன் அசோகன் தன் இரண்டாம் பாறை ஆணையில், தன் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டு அரசர்களைக் குறிக்கின்றான். சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ என்பது வரிசை. மற்ற மூவரையும் உலகம் அறியும். இடைநின்ற சதியபுதோ யார்? 1837-இல் பிரின்செப்பு அவ்வெழுத்தைப் படித்தறிந்த நாளிலிருந்து நூறாண்டுக்கு மேலாக அறிஞர் முட்டி மோதினர். மராட்டிய நாட்டில் தேடினார் சிலர். துளு நாட்டில் தேடினார் சிலர். காஞ்சியைச் சுட்டினார் சிலர். சதியம் என்பதை வடசொல்லாகவே கொண்டு, வாய்மை தவறாத கோசரே அவர் என்றாரும் உளர்.

கே. சி. சேசையர் அது அதியமானையே குறிக்கும் என்றார். மொழியறிஞர் பரோவும் அதனை வலியுறுத்தினார். தமிழில் சொல்முதற் சகரம் மறைதல் இயல்பு. சிறகு இறகாயிற்று, சிப்பி இப்பியாயிற்று. புதோ என்பது மகன். சேரமகன் சேரமான் ஆனது போல் அதியமகன் அதியமான் ஆனான். ஆயினும் கல் வாய்திறக்கும் வரை இது கருத்தாகவே இருந்தது.

1981-இல் கல் வாய்திறந்தது. திருக்கோவலூருக்கு அருகே பெண்ணையாற்றங்கரைச் சம்பையில், தமிழகத் தொல்லியல் துறையினர் ஒரு பாழியில் தமிழி எழுத்துக் கல்வெட்டைக் கண்டனர். ஒரே வரி. சதியபுதோவாகிய அதியன் நெடுமான் அஞ்சி ஈந்த பாழி என்பது அதன் பொருள். பாகதப் பட்டமும் தமிழ்ப் பெயரும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன! நூறாண்டுச் சொற்போர் அந்த ஒரு வரியில் ஏறத்தாழ முடிந்தது. அசோகன் ஆணை மட்டும் இருந்திருப்பின், அதியமான் இன்றும் மராட்டியத்திலோ துளு நாட்டிலோ அலைந்துகொண்டிருப்பான்.

கல் கிடைத்த இடத்தையும் எண்ணுக. அஞ்சி கோவலூரை வென்றதையும், அவ்வெற்றியைப் பரணர் பாடியதையும் புறநானூற்றின் 99-ஆம் பாட்டால் ஔவையார் அறிவிக்கின்றார். அவன் வென்ற கோவலூர்ப் பக்கத்திலேதான் அவன் ஈந்த பாழியும் உள்ளது. சங்கப் பாட்டு வெறுங்கற்பனை என்று எழுதியோர் இதற்கு என்ன விடை வைத்துள்ளனர்? அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்ததும், அவன் பனந்தார் சூடியதும் அப்பாட்டிலேயே உள்ளன. பனந்தார் சேரர்க்குரியது, அதியர் சேரரோடு தொடர்புடையார் என்பதற்கு அது பழைய சான்று. அவன் மகன் பொகுட்டெழினி. அஞ்சி இறந்தபின் அவனுக்கு நட்ட நடுகல்லை 232-ஆம் பாட்டில் ஔவையார் கண்ணீரோடு காட்டுகின்றார். நெல்லிக்கனியை மட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்திவிடுகின்றோம்.

தந்தை, மகன், பேரன் என மூன்று தலைமுறையை ஒருசேரக் காட்டும் கல்லும் இதே காவிரியின் கீழ்ப்பாங்கில் உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனத் தெளிவாகப் பொறித்துள்ளனர். தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையும் அவ்விரும்பொறைக் குடியினனே. வென்றவர்க்குத் தலைமுறைச் சங்கிலி கிடைத்தது. தோற்ற அதியர்க்கு அத்தகைய கல் இதுவரை கிட்டவில்லை.

பின் நெடிய இருள். எட்டாம் நூற்றாண்டில் நாமக்கல் குடைவரையில் அதியர் பெயர் மீண்டும் வெளிப்படுகின்றது. அக்கோயிலுக்கே அதியர் பெயரிட்டுள்ளனர். அந்நூற்றாண்டின் இறுதியிற் பாண்டியன் நெடுஞ்சடையன் அதியனை வென்றதையும், பல்லவனும் சேரனும் அதியனுக்குத் துணைவந்து தோற்றதையும் பாண்டியர் செப்பேடு கூறுகின்றது. 1116 அளவில், இந்த நீர்வீழ்ச்சிக்கு மேலே காவிரிக்கரைத் தலக்காட்டைச் சோழர்க்காகக் காத்துநின்ற அதியமானை, போசளப் படைத்தலைவன் கங்கராசன் துரத்தினான்.

இனி, போளூரை அடுத்த திருமலைக்கு வருக. அஃது அமணர் மலை. கி.பி. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள், இராசராச அதிகமானின் மகன். பாலி, பெண்ணை, பொன்னி என்னும் மூன்று ஆறுகளுக்கு உரியவன் எனப்பெற்றவன். அவன் காலப் பொன்னியே இதோ முழங்குகின்றது! வஞ்சிச் சேரர் குடி எழினி முன்னர்ச் செய்வித்த இயக்கன் இயக்கி உருவங்கள் சிதைந்திருக்கக் கண்டு, அவற்றைச் செப்பனிட்டு நிறுவினான். எழினியின் வழிவந்தவன் தான் என்பதையும் பொறித்தான்.

அக்கல்வெட்டு வடமொழியிலும் தமிழிலும் உள்ளது. வடமொழிப் பகுதியில் எழினியைக் காணோம். 'யவனிகா' என்றொருவன் நிற்கின்றான்! எழினி என்னுஞ் சொல்லுக்குத் திரை என்றும் பொருள் உண்டன்றோ? திரைக்கு வடமொழியில் யவனிகா. அரசன் பெயரைப் பொருள்பெயர்த்து விட்டனர். விடுகாதழகியனோ 'வியாமுக்த சிரவணோச்சுவலன்' ஆனான். இவ்வடமொழிப் பகுதி மட்டுமே எஞ்சி, தமிழ் சிதைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யவனிகா ஒரு யவனன் என்று எவரேனும் நூலே எழுதியிருப்பர். தமிழ்ப் பகுதி நின்றது; எழினி எழினியாகவே மீண்டான். மக்கட்கு இடும் பெயரைத் தமிழில் இடுக என இயக்கத்தார் இடித்துரைப்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

ஒன்றை மறைத்தல் தகாது. எழினிக்கும் விடுகாதழகியனுக்கும் இடையே ஓராயிரம் ஆண்டு உள்ளது. தந்தை மகன் என ஒவ்வொரு கண்ணியும் கிடைக்கவில்லை. ஆகவே அவன் கூற்று அவன் குடியினர் போற்றிய நினைவே அன்றி, மெய்ப்பிக்கப்பெற்ற கொடிவழி அன்று. ஆனால் அவன் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர்க்குச் செய்ததுபோல் ஞாயிற்றிலிருந்து தொடங்கவில்லை. மண்ணில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெயரில் தொடங்கினான். இன்று தம் குலமே அதியமான் குலம் என்று பல சாதியாரும் மேடை போடுகின்றனர். கல்லைக் காட்டுக என்றால், அண்மையில் அச்சிட்ட சாதிமலரைக் காட்டுகின்றனர். ஆயிரம் ஆண்டு இடைவெளியைச் சாதிச் செருக்கால் நிரப்புவது அதியனுக்குச் செய்யும் இரண்டாம் தோல்வி.

அரசர்க்கு மட்டுமே கல் என எண்ணற்க. ஆநிரை மீட்டு வீழ்ந்த எளிய மறவர் பெயர்களைத் தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்கள் வட்டெழுத்தில் காத்துள்ளன. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். காட்சிக்கு வராதவை வயல்வரப்பிலும் குட்டைக்கரையிலும் கிடக்கின்றன. சில துவைகல்லாகவும் தேய்கின்றன.

கல் இங்கே இருக்க, அதன் மைப்படிகள் நெடுங்காலம் காவிரியின் மேற்பாங்கான மைசூரில் கிடந்தன. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு 2021-இல் சென்னை உயர்முறைமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. ஊருக்கு ஒருவரேனும் வட்டெழுத்துப் பயின்று, தம் ஊர்க் கல்லைக் கழுவிப் படித்து, பிழையின்றிப் படியெடுத்துத் தொல்லியல் துறைக்கு விடுப்பாராயின், அடுத்த சம்பை இம்மாவட்டத்திலேயே கிடைத்தல் கூடும்.