தூக்க மாத்திரையும் நமது நிதியும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

மதுவையும் கஞ்சாவையும் பற்றி இம்மேடையில் பலமுறை பேசப்பட்டுள்ளது. இன்று நாம் பேச வந்திருப்பது மருந்துக் கடையில் ரசீதுடன் வாங்கி, வீட்டு அலமாரியில் தைலப் புட்டிக்கு அருகில் வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றியாகும்.

நமது மஹல்லாவைச் சார்ந்த ஒரு தாய். கணவர் வஃபாத்தான பின் உறக்கமின்றித் தவித்த அவருக்கு, மருத்துவர் ஒருவர் இரண்டு வாரங்களுக்கு அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு நான்கு ஆண்டுகள் ஓடியது. அரை மாத்திரை ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. சவூதியிலிருந்து விடுப்பில் வந்த மகன் இதனை அறிந்து, "உம்மா, இனி இது வேண்டாம்" என்று அட்டைகள் அனைத்தையும் குப்பையில் எறிந்துவிட்டார். பாசத்தினால் செய்ததுதான். மூன்றாம் நாள் ஸுபுஹு வேளையில் அத்தாய்க்கு வலிப்பு வந்துவிட்டது. கண்ணேறு என்றவர்கள் உண்டு. ஏர்வாடிக்கு அழைத்துச் செல்லச் சொன்னவர்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானதை இக்கடற்கரை அதற்குள் மறந்துவிட்டதா என்று வியந்தோம். மருத்துவமனையிலோ, "எந்த மாத்திரையை நிறுத்தினீர்கள்?" என்பதே முதல் கேள்வியாக இருந்தது.

பென்சோடயசிபைன் எனப்படும் இவ்வகை மருந்துகளில் லிப்ரியம் 1960-லும் வேலியம் 1963-லும் விற்பனைக்கு வந்தன. முறையாகக் கொடுத்தால் இவை நல்ல மருந்துகளே. நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் காபா என்னும் பொருள் நம் மூளையில் இயற்கையாகவே உண்டு. மாத்திரை அதற்கு வலுச் சேர்க்கிறது. வாரங்கள் பல கடந்தபின் மூளை தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மாத்திரையை நம்பியிருக்கத் தொடங்குகிறது. அந்நிலையில் திடீரென்று நிறுத்தினால் பிரேக் இல்லாத வண்டியின் கதிதான். நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, உயிராபத்தும் நேரலாம். எனவே அத்தாயைக் குற்றவாளியாகப் பார்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்றே கூறுவோம்.

இதற்குரிய சிகிச்சை பொறுமையானது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் அம்மையார் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்தினார். விரைவில் விலகிவிடும் மாத்திரைக்குப் பதிலாக, உடலில் நெடுநேரம் தங்கும் டயசிபாமுக்கு மாற்றி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைப்பது அவரது வழி. நம் தாய்க்கும் அவ்வாறே நடைபெறுகிறது. எட்டு மாதங்களாகின்றன; இன்னும் முடியவில்லை. இரவுதோறும் மாத்திரையைக் கீறி அளந்து தருவது பேத்தியின் பொறுப்பு.

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தூக்க, மயக்க மருந்துகளை முறைகேடாக உட்கொள்வோர் ஏறத்தாழ 1.18 கோடிப் பேர். துறைமுகத்தில் பாரம் தூக்குவோரும் கடலுக்குச் செல்வோரும் முதுகுவலிக்கென விழுங்கும் மாத்திரைகளிலும் இவ்வபாயம் உண்டு. அவற்றுள் ஒன்றான டிரமடால் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. வளைகுடா செல்லும் பிள்ளைகளிடம் பிறருக்கென மாத்திரைப் பொட்டலம் கொடுத்தனுப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தில் கைதாவது சுமந்து சென்றவர்தான்.

திருமணத்திற்கு முன் மெலிய வேண்டும் என்று மாத்திரை தேடும் பெண்மக்களுக்கும் ஒரு சொல். சிபுட்ரமின் என்னும் மெலிவு மருந்து, இதயத்திற்குத் தீங்கு எனக் கண்டு 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. இந்தியா 2011-ல் தடை செய்தது. அதன்பின்னும் மூலிகை என்னும் பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் அது கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

இறுதியாக, நாம் வெட்கத்துடன் கூற வேண்டியது ஒன்றுண்டு. அல்பிரசோலம் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் உள்ளன. எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும். கடைக்காரரைக் குறை கூறும் முன் எமது கணக்கேட்டைப் புரட்டினோம். அத்தாயின் ரசீதுகளில் பெரும்பாலானவற்றிற்குப் பணம் வழங்கியது நமது மருத்துவ உதவி நிதியே! மாதந்தோறும் அதே பழைய சீட்டின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. அதன் தேதியை நாம் ஒருமுறையேனும் பார்க்கவில்லை.

இனி இத்தகைய மருந்துகளுக்குப் புதிய சீட்டு இருந்தாலன்றி நிதி வழங்குவதில்லை என முடிவு செய்துள்ளோம். ஆயினும் பழைய சீட்டுடன் வருவோரை வெறுங்கையுடன் அனுப்பினால், அந்த மகன் செய்த தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். ஆகவே அவர்களைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு, துணைக்கு ஒருவருடன் அன்றே அனுப்பி வைப்போம். வெளியே சொல்லக் கூசுவோர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம். மருத்துவமனை சென்றுவர ஆட்டோ வாடகை நிதியிலிருந்தே வழங்கப்படும். அலுவலகத்தில் பெயர் கேட்கப்படும், காரணம் கேட்கப்படாது.