தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்



"இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்." என்னுடன் பல்லாண்டு பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவரின் மனைவியாரிடம் ஒரு மருத்துவமனையில் சொல்லப்பட்ட சொற்கள் இவை. அவருக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. வாரந்தோறும் நான் சென்று, "தைரியமாய் இருங்கள்" என்று கூறி வருவேன். ஒருநாள் அவர், "தைரியம் இருக்கிறது ஐயா, தூக்கந்தான் இல்லை" என்றார். விடை கூற அறியாது நின்றேன். இரு திங்களில் அவர் மறைந்தார்.

நோயைத் தீர்த்தல் வேறு. நோயாளியின் துன்பத்தைத் தணித்தல் வேறு. முன்னது இயலாதபோதும் பின்னது இயலும். இதனையே நோய் ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். இஃது இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் தீர்க்கும் மருத்துவத்தோடு உடன் சேர்த்தும் அளிக்கலாம். புற்றுநோய்க்கு மட்டுமன்றி, இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றின் கொடிய நோய்களுக்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலி; பின்னர்ச் சமூகப் பணியாளர்; அதன்பின் மருத்துவம் பயின்றவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி மீண்டும் தலைதூக்குமுன் நேரந்தவறாது மருந்து தரவேண்டும் என்றார். உடல்வலியோடு மனக்கவலை, குடும்பத்தின் பொருள்முடை, "எனக்கு ஏன் இது?" என்னும் ஏக்கம் ஆகியனவும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அவர் கண்ட உண்மை.

கடும் வலிக்கு மார்பின் சிறந்த மருந்து. போதைக்கு அடிமையாக நேருமோ என்று பலர் அஞ்சுவர். மருத்துவர் அளந்து, கண்காணித்துத் தரும்போது அவ்வச்சம் பெரிதும் வேண்டாதது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கும் அம்மருந்து அரிதாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பெற்று, வழி எளிதாக்கப்பட்டது.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சங்கம் தோன்றியது. மருத்துவரோடு ஊர் மக்களும் கைகோத்தனர். மாணவர்களும் தொண்டாற்ற முன்வந்தனர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீடு தேடிச்சென்று அளிக்கும் இச்சிகிச்சை இடம்பெற்றது.

நீங்கள் செய்யத்தக்கது யாது? உங்கள் தெருவில் நெடுநாள் நோயாளி இருப்பின், அருகமர்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். இரவுபகலாய்ப் பேணுபவருக்கு ஒருமணி நேரம் ஓய்வு கிடைக்கச் செய்யுங்கள். "செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று எவரேனும் கூறினால், "வலிக்கு என்ன செய்யலாம்?" என்று பணிவோடு கேளுங்கள்.

அந்தக் கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. நீங்களேனும் கேளுங்கள்.