கரையாத உப்பும் கிணற்று நீரும்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இரசாயனம் பயிலும் மாணவராகிய நாம் இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். அதன் பெயர் புளோரைற்று. இரசாயனப் பெயர் கல்சியம் புளோரைட்டு. தூயதாயின் நிறமற்றது. மாசு கலந்தாலோ ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங் காட்டும். பண்டைய உலோகத் தொழிலாளர் உலையிலே கழிவு இளகி ஓடும்படி இதனை இட்டனர். 'ஓடுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது.

இதன் குணம் பிடிவாதம். கறியுப்பு ஒரு லீற்றர் நீரில் 350 கிராமுக்கு மேற் கரையும்; இதுவோ 16 மில்லிகிராம் அளவே கரையும். இதனை உருக்க 1,400 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பம் வேண்டும். புளோரைட்டு அயன் மிகச் சிறியது. கல்சியம் அயன் இரு நேரேற்றம் தாங்கியது. ஆகவே ஒன்றையொன்று நெருங்கி இறுகப் பற்றிக்கொள்கின்றன.

1771ஆம் ஆண்டிலே சேலே என்னும் சுவீடிய அறிஞர் இக்கல்லைச் சல்பூரிக்கமிலத்துடன் சூடாக்கினார். எழுந்த அமிலம் கண்ணாடிப் பாத்திரத்தையே அரித்தது! அதனுள்ளிருந்த மூலகத்தைத் தனியே பிரிக்க நூறாண்டுக்கு மேற் சென்றது. லூயே, நிக்கிளே ஆகிய இருவர் அம்முயற்சியில் நஞ்சேறி உயிர் துறந்தனர். ஈற்றில், 1886 யூன் 26ஆம் நாள் பாரிசிலே மொய்சான் மின்பகுப்பால் புளோரீனைப் பெற்றார். சிலிக்கன் அவ்வாயுவிற் பட்டதும் தீப்பற்றியது. பாத்திரம் பிளாற்றினத்தாலானது, அதை அடைத்த மூடிகளோ புளோரைற்றுக் கல்லிற் கடைந்தவை. தன் பங்குப் புளோரீனை முழுவதும் பெற்றுவிட்ட கல்லை அவ்வாயு என்ன செய்யும்? சிறைக்கல்லே காவலுக்கும் வந்தது என நாம் வியப்பதுண்டு.

நிற்க. பாடநூல் இவ்வுப்பைக் 'கரையாதது' என ஒரு சொல்லில் முடித்துவிடும். பரீட்சைக்கு அது போதும், கிணற்றுக்குப் போதாது. அந்தப் 16 மில்லிகிராமில் புளோரைட்டு மாத்திரம் ஏறத்தாழ 8 மில்லிகிராம். குடிநீரிலே ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சிறிதளவு புளோரைட்டு பல்லுக்குக் காவல். மிகுந்தாலோ, ஈறுக்குள்ளே பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே மிளிரி கெட்டு, முளைக்கும் பல்லிலே வெண்புள்ளியும் கபிலக் கறையும் தோன்றும். எத்துணை துலக்கினும் அக்கறை போகாது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய வயதிலே கையால் வாயை மறைக்கும் பிள்ளைகளை அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிற் காணலாம்.

அங்குள்ள பாறைகளிலே புளோரைற்று மட்டுமன்றி, மைக்கா, அப்பற்றைற்று முதலிய கனிமங்களும் புளோரைட்டைத் தாங்கியுள்ளன. நிலத்தடி நீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கிறது. நீரிற் கல்சியம் மிகுதியாயின், முன்சொன்ன பிடிவாத உப்பாக அது மீண்டும் படிந்துவிடும். கல்சியம் குறைந்த நீரிலோ புளோரைட்டு ஏறிக்கொண்டே போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீர் கேத்தலில் வெள்ளை படியச் செய்கிறது என நம் தாய்மார் அலுத்துக்கொள்வர். இவ்வொரு விடயத்தில் அந்தக் கல்சியம் நமக்குத் துணை.

புளோரைட்டு மிகுந்த நீர் தெளிவாகவே இருக்கும், நாவுக்கும் பிடிபடாது. காய்ச்சினாற் போய்விடும் என்று சிலர் எண்ணுகின்றனர். போகாது, நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதிற் செறிவு கூடவே செய்யும். துணியில் வடித்தாலும் பயனில்லை. மழைநீரைச் சேமித்தல், எதிர்ச்சவ்வூடுபரவல் முறையிற் சுத்திகரித்த நீரைப் பெறுதல் ஆகியனவே கைகூடும் வழிகள். முதலிற் கிணற்று நீரைச் சோதிப்பித்தல் வேண்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் அது செய்யப்படுகிறது. நீரைக் கண்ணாடிப் போத்தலிலன்றிச் சுத்தமான பிளாத்திக்குப் போத்தலில் எடுத்துச் செல்க.