துணையை இழந்தோருக்கான கொடுப்பனவு: உரிமைக்கும் காலக்கெடு உண்டு

(பிரித்தானியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் சட்டத்தரணி அல்லன். பொறியியல் கற்று, கணினித் துறையில் வேலை செய்பவன். வார இறுதிகளில் நம்மவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது எனது தொண்டு. அந்த அனுபவத்திலிருந்தே இன்று பேசுகிறேன். சாவைப் பற்றிப் பேசுவது நம்மிடையே அபசகுனம். ஆயினும் பேசாதிருப்பதால் வரும் இழப்பை என் கண்ணால் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். கணவர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டாதவர். மாரடைப்பால் திடீரென மறைந்துவிட்டார். பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். ஒரு பையில் கட்டுக் கட்டாகக் கடிதங்கள். பல உறைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. கணவர் மறைந்து அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது 9,800 பவுண்கள். கிடைத்ததோ 2,450 பவுண்கள் மட்டுமே. "இது அரசாங்கத்தின் பிச்சைக்காசு என்று நினைத்தேன் தம்பி, கேட்கக் கூச்சமாக இருந்தது" என்றார் அவர்.

அந்தக் கூச்சம் தேவையற்றது என்பதே எனது முதற் செய்தி. துணையை இழந்தோருக்கான இந்தக் கொடுப்பனவு பிச்சையன்று. மறைந்தவர் தம் உழைப்பிலிருந்து செலுத்திய தேசியக் காப்புறுதிப் பங்களிப்பின் பயனே அது. பிரித்தானியாவில் பங்களிப்பின் அடிப்படையிலான விதவை ஓய்வூதியம் 1925 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கியது. மனைவியை இழந்த ஆண்களுக்கும் சம உரிமை 2001 ஏப்பிரலில்தான் கிடைத்தது. இன்றுள்ள "பிரீவ்மென்ட் சப்போர்ட் பேமென்ட்" என்னும் திட்டம் 2017 ஏப்பிரல் 6 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

இதைப் பெறும் தகுதி என்ன? துணை இறந்த நாளில் நீங்கள் அரச ஓய்வூதிய வயதை எட்டியிருக்கக் கூடாது. 66 ஆக இருந்த அவ்வயது 2026 க்கும் 2028 க்கும் இடையில் படிப்படியாக 67 ஆக உயர்கிறது. மறைந்தவர் 1975 ஏப்பிரலுக்குப் பின்னர் ஏதேனும் ஒரு வரியாண்டில் குறைந்தது 25 வாரங்கள் தேசியக் காப்புறுதி செலுத்தியிருக்க வேண்டும். வேலையிட விபத்தாலோ வேலையால் வந்த நோயாலோ இறந்திருந்தால் இந்த நிபந்தனை இல்லை.

பிள்ளைக் கொடுப்பனவுக்கு உரித்துடைய பிள்ளைகள் இருந்தால், அல்லது துணைவர் மறைந்தபோது மனைவி கருவுற்றிருந்தால், ஒரே தடவையில் 3,500 பவுண்களும் பின்னர் 18 மாதங்களுக்கு மாதம் 350 பவுண்களும் வழங்கப்படும். ஏனையோருக்கு 2,500 பவுண்களும் மாதம் 100 பவுண்களும். இதற்கு வருமான வரி இல்லை. நீங்கள் வேலை செய்தாலும் குறையாது. மறுமணம் செய்தாலும் நிற்காது.

இனிக் காலக்கெடுவுக்கு வருகிறேன். முழுத் தொகையும் வேண்டுமாயின் இறப்பு நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதன் பின்னர் மாதக் கொடுப்பனவு ஒவ்வொன்றாகக் கைநழுவும். பன்னிரண்டு மாதங்கள் கடந்தால் முதல் தொகை முழுவதும் போய்விடும். இருபத்தொரு மாதங்கள் கடந்தால் எதுவுமே இல்லை. நம் வழக்கப்படி சொல்வதானால், அந்தியேட்டி முடிந்த கிழமையே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். ஆட்டைத் திவசம் வரை காத்திருந்தால் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். அந்தச் சகோதரிக்கு நிகழ்ந்தது இதுவே.

நம்மவர் கவனிக்க வேண்டியவை மேலும் நான்கு உள்ளன.

ஒன்று, கைக்காசு வேலை. பதிவில்லாத சம்பளம் இன்று சற்றுக் கூடுதலாகத் தோன்றும். ஆனால் காப்புறுதி செலுத்தாத உழைப்பு, நாளை குடும்பத்துக்குக் கைகொடுக்காது.

இரண்டு, திருமணப் பதிவு. இந்நாட்டுக் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டுச் சட்டப்படி பதிவு செய்யாத இணையர் சிலர் நம்மிடையே உள்ளனர். 2018 இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைத் தொடர்ந்து, 2023 பெப்ரவரி 9 முதல், பிள்ளைகளுடன் சேர்ந்து வாழ்ந்த பதிவற்ற துணைக்கும் உரிமை கிடைத்துள்ளது. பிள்ளைகள் இல்லாதோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மூன்று, விசா பற்றிய அச்சம். "பொது நிதியைப் பெறக் கூடாது" என்ற நிபந்தனையுடன் இங்கு வாழ்வோர், எதைக் கேட்டாலும் வதிவிட அனுமதி பாதிக்கப்படும் என்று அஞ்சுகின்றனர். இக்கொடுப்பனவு பங்களிப்பால் வருவது. குடிவரவு விதிகளிலுள்ள பொது நிதிப் பட்டியலில் இது இல்லை. ஆனால் யுனிவர்சல் கிரெடிட், பிள்ளைக் கொடுப்பனவு, ஈமச் செலவு உதவி ஆகியன அப்பட்டியலில் உள்ளன. ஆகவே அவற்றைக் கோருமுன் தகுதி வாய்ந்த ஆலோசகரிடம் கேளுங்கள்.

நான்கு, கூடிய சம்பளம் பெறும் என்னைப் போன்றோர், வரியாகத் திரும்பப் போய்விடும் என்று பிள்ளைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. பணம் வேண்டாம் என்று குறிப்பிட்டேனும் படிவத்தை நிரப்புங்கள். உரித்து பதிவாகியிருக்கும்; வேலைக்குப் போகாத பெற்றோருக்குக் காப்புறுதிப் பதிவும் சேரும்.

விண்ணப்பத்தை இணையத்திலும், படிவத்திலும், 0800 151 2012 என்ற கட்டணமற்ற தொலைபேசி எண்ணிலும் செய்யலாம். வட அயர்லாந்துக்குத் தனி அலுவலகம் உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இளையோரே, உங்கள் வீட்டுக் கடிதங்களைப் பிரித்து வாசிப்போர் பெரும்பாலும் நீங்களே. இன்றிரவு அம்மா அப்பாவுடன் அமர்ந்து ஒரு கோப்பு உருவாக்குங்கள். இருவரின் தேசியக் காப்புறுதி எண்கள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கி விபரம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை அதில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.

18 மாதங்கள் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கப் போதுமானவை அல்ல. அதை நீட்டிக்குமாறு நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதும் நம் கடமை. எனினும் இருப்பதையாவது இழக்காதிருப்போம். செத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோகும் நல்ல வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இனிமேல் அந்தச் சாப்பாட்டோடு இந்தப் படிவத்தையும் கொண்டுபோவோம்.