பக்கத்துக் கட்டில்காரர் நடக்கிறாரே!



பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பக்கத்துக் கட்டில்காரர் நாலாம் நாளே நடக்கிறாரே, உங்களுக்கு மட்டும் ஏன்ப்பா இப்படி?" படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். மனத் தெம்பு போதவில்லை என்று உறவினர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், காரணம் அவர் பிறந்தபோதே உடன் வந்ததாக இருக்கலாம்.

இருதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது, இருதய-நுரையீரல் இயந்திரம்தான் இரத்தத்தை ஓட வைக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் ஜான் கிப்பன் இதை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். எத்தனையோ உயிர்களைக் காத்த இயந்திரம். ஆனால் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும் நம் இரத்தம், அந்நியன் புகுந்துவிட்டான் என்று போர்க்கொடி தூக்கிவிடுகிறது. கிருமியே இல்லாத போர்! இதைத்தான் மருத்துவர்கள் அழற்சி என்கிறார்கள்.

அந்தப் போரை மூட்டும் புரதங்களில் ஒன்று இன்டர்லூகின்-6. அதை எவ்வளவு சுரக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுப் பகுதியில் ஓர் எழுத்து மட்டும் சிலருக்கு 'ஜி', சிலருக்கு 'சி'. பெற்றோர் இருவரிடமிருந்தும் 'ஜி' பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பின் அந்தப் புரதம் அதிகம் சுரந்தது, இருதயத் துடிப்பும் அதிகமாகத் தாறுமாறானது என்று 2003-இல் இத்தாலிய மருத்துவர்கள் கண்டார்கள். இந்தத் துடிப்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் தலைகாட்டும். கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம்.

உடனே மரபணுச் சோதனைக்குக் கிளம்பிவிட வேண்டாம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடவில்லை. மேலும், அந்தச் 'சி' எழுத்து ஐரோப்பியரிடம் சாதாரணம். சீனரிடம் மிக மிக அரிது. பல இனத்தவர் ஒரே வார்டில் படுத்திருக்கும் நம் நாட்டில், ஐரோப்பியக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

அழற்சியை எல்லாருக்கும் பொதுவாக மருந்து கொடுத்தே அடக்கலாமே என்று கேட்கலாம். 2015-இல் வெளிவந்த ஆய்வில் 18 நாடுகளின் 7,507 நோயாளிகளை வைத்து ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்தார்கள். மரணம் குறையவில்லை.

ஆகவே இப்போதைக்கு நம் கையில் இருப்பவை சில. அறுவைக்கு முன்பே சிகரெட்டை விடுங்கள். இனிப்பு நீரைக் கட்டுக்குள் வையுங்கள். பல் ஈறில் சீழ் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறுவைக்குப் பின் நெஞ்சு படபடத்தால், நடு இரவானாலும் மணியை அழுத்தித் தாதியைக் கூப்பிடுங்கள்.