கிரைண்டர் கடனோடு ஒரு ஆர்.சி.சி.பி.



மாவு அரைக்கிற தொழிலுக்குக் கடன் கேட்டு இந்தத் தடவை நிறைய மனு வந்திருக்குன்னு சொன்னாங்க. அதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கிட்டேன். நான் பத்தாவது வரை படிச்சவ, ஒயர்மேன் இல்ல. ஆனா ஈரக்கையோட சுவிட்சைத் தட்டுறது நாமதானே.

2025 ஆகஸ்ட் 23 விடியற்காலை, சென்னை கண்ணகி நகரில் தூய்மைப் பணிக்குக் கிளம்பிய ஒரு பெண், ராத்திரி பெய்த மழையில் தெருவில் தேங்கின தண்ணியில் கால் வைத்தார். மண்ணுக்கடியில் போன கேபிளிலிருந்து கரண்டு கசிஞ்சிருந்தது. அங்கேயே உயிர் போச்சு. வயசு முப்பதுதான். இரண்டு பிள்ளைகள். அவர் எந்த சுவிட்சையும் தொடவில்லை, வேலைக்கு நடந்து போனார், அவ்வளவுதான்.

நமக்கும் இது தூரமில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணி வடிஞ்சதும் வடியாததுமா சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓடினவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க.

"எங்க வீட்ல டிரிப்பர் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்கிறோம். அந்த எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்த வைத்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-க்கு மேல் இழுத்தால்தான் விழும். மனுஷ உடம்பு வழியா ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போனாலே இதயம் நின்னுடலாம். ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. என்கிற வேற கருவி. போன கரண்டு முழுசா திரும்பி வருதான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேற வழியில் போனாலும் கண் இமைக்கிற நேரத்தில் நிறுத்திடும். நம்ம குழுப் பெட்டிக் கணக்கு மாதிரிதான். பத்து ரூபாய் குறைஞ்சாலும் பெட்டியை மூடிட்டு எங்க போச்சுன்னு தேடுவோம் இல்லையா? ஆனா இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடிச்சா அதுவும் காப்பாத்தாது. அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும், விழலைன்னா மாத்தணும்.

கிரைண்டர்தான் எனக்குப் பெரிய பயம். உடம்பு முழுக்க ஸ்டீல், கீழே ஈரத் தரை, நமக்குக் காலில் செருப்பும் கிடையாது. மூணு முள் பிளக்கில் தடிமனா நீளமா இருக்கிறது எர்த் முள். உள்ளே ஒயர் தேய்ந்து ஸ்டீலில் பட்டால், கரண்டு நம்மை விட்டுட்டு அந்த வழியாப் போகத்தான் அது. பிளக் பாயிண்டில் எர்த்தே இல்லாம வெறும் ஓட்டை மட்டும் இருக்கிற வீடு எத்தனை! கட்டட வேலையில் இன்னும் மோசம். பிளக்கே இல்லாம, ஒயரைச் சீவி தீக்குச்சி வைத்துச் செருகி மிஷின் ஓட்டுறாங்க. மேஸ்திரியைக் கேட்டா, "இத்தனை வருஷமா ஓடுதும்மா" என்கிறார்.

யாராவது கரண்டில் மாட்டிக்கிட்டா கையால் இழுக்காதீங்க. மெயினை நிறுத்துங்க, முடியலைன்னா காய்ந்த கட்டையால் தள்ளி விடுங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ரோட்டில் அறுந்து கிடக்கிற லைன் கம்பிக்கு இந்தக் கட்டை வேலையெல்லாம் ஆகாது. தூரமா நின்னு மத்தவங்களையும் தடுத்து, மின்துறைக்குச் சொல்லணும்.

வேலையில் அடிபட்டா முதலாளி இழப்பீடு தரணும்னு இந்தியாவில் 1923-லேயே சட்டம் வந்துடுச்சு. நம்ம ஊர் அப்போ பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, அது வேற கதை. ஆனா எந்த இழப்பீடும் அம்மாவைத் திருப்பிக் கொடுக்காதே.

"இதுக்கு வேற தனியா செலவா? முதல்ல மாவு ஓடட்டும்" என்று எங்க குழு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. நியாயமான கேள்விதான், தவணை கட்டுறது அவங்கதானே. அதனால் நான் கேட்கிறது இதுதான்: கிரைண்டர், பவர் தையல் மிஷின் எதுக்குக் கடன் கொடுத்தாலும், எர்த் போடவும் ஆர்.சி.சி.பி. வைக்கவும் ஆகிற பணத்தை அதே கடனில் சேர்த்துக் கொடுக்கணும். லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வைத்து வேலை முடித்த ரசீதைக் காட்டணும். தீர்மானப் புத்தகத்தை இப்பவே எடுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுடலாம்.