அணிந்த சின்னமும் அருந்தும் மதுவும்

கார்த்திகை பிறக்கும்போது மன்னார்ப் பெருநிலத்தில் மாரி மழை தொடங்கிவிடும். கட்டுக்கரைக் குளத்தின்கீழ் உள்ள வயல்களில் காலபோக விதைப்பு நடந்தேறும் காலம் அது. அம்மாதத்து முதல் நாளில், விடியுமுன் நீராடி, குருசாமியின் கையால் துளசிமணி மாலையோ உருத்திராக்க மாலையோ தரித்துக்கொள்ளும் ஐயப்ப அடியார் ஒருவர் வீட்டுக்குத் திரும்பும்போது அவருடைய பெயரே மாறிவிடுகிறது. பெற்ற தாயும் 'சாமி' என்று விளிக்கிறாள். மூத்தோரும் இளையோரும் 'சாமி' என்றே பேசுகின்றனர். நேற்றுவரை பொழுது சாய்ந்ததும் 'வா மச்சான்' என்று தவறணைக்கு அழைத்துச் சென்ற கூட்டாளியும், அன்று தொடக்கம் 'வாங்கோ சாமி' என்று சொல்ல வேண்டியவனாகிறான். அப்படிச் சொல்லிய வாயால் தவறணையின் பெயரையும் சேர்த்துச் சொல்வது எளிதன்று.

மண்டல விரதம் 41 நாட்கள். மது, ஊன், புகை மூன்றும் விலக்கு, படுக்கை வெறுந்தரை. இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரவர் இவ்விரதம் பூண்டு சபரிமலைக்குச் செல்கின்றனர். 2025ஆம் ஆண்டில் இலங்கை அமைச்சரவையும் இதனை அங்கீகரிக்கப்பட்ட யாத்திரையாக ஏற்றுக்கொண்டது. இவ்விரதத்தின் இடையிலே ஆசை மிகுந்தது என்று மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு போத்தலை முடித்துக்கொண்டு, மறுநாட் காலையில் மீண்டும் அணிந்துகொள்வதற்கு இடமே இல்லை. நெருங்கிய உறவில் மரணம் நேர்ந்தால் மாலையைக் கழற்றும் முறை உண்டு. தாகத்துக்காகக் கழற்றும் முறை இல்லை. மாலை கழுத்தில் கிடக்கும்வரை மது இல்லை என்பது விதியின் ஒரு பாதி. மதுவுக்காக மாலையை இறக்கலாகாது என்பது மறுபாதி. விதியின் வலிமை இந்த மறுபாதியிலேதான் இருக்கிறது.

ஓரளவுக்கு இதனை ஒத்த விதி ஒன்று, கடல்கள் பல கடந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. அங்கே மாணவரும் மாணவியரும் தனித்தனியே சகோதரக் கழகங்கள் அமைத்துக்கொள்வர். கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டு அல்லது மூன்று எழுத்துக்களே அக்கழகங்களுக்குப் பெயர். 1776ஆம் ஆண்டு வேர்ஜீனியாவில், வில்லியம் அன்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பா என்னும் சங்கம் இவ்வழக்கத்துக்கு முன்னோடி. தம் கழகத்தின் எழுத்துக்களைச் சட்டையிலே பொறித்து அணிவது உறுப்பினருக்குப் பெருமை. ஆயினும் அவ்வெழுத்துக்களை அணிந்தவாறு மது அருந்தலாகாது என்று பல கழகங்கள் விதித்துள்ளன. மதுக் கிண்ணம் கையில் இருக்க, எழுத்து மார்பில் இருக்க, நிழற்படம் எடுத்துக்கொள்வதையும் விலக்கிய கழகங்கள் உண்டு. இதன் காரணம் தெளிவானது. குடித்துத் தள்ளாடும் மாணவனின் பெயரை வீதியிற் போகிறவர் அறியார். சட்டையில் உள்ள எழுத்தை அறிவர். ஒருவன் செய்த பிழை நூறு பேர் தலையில் விழும்.

ஆனால் அங்கே விதியின் முற்பாதி மட்டுமே உண்டு. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால், சட்டம் குறித்த 21 வயது நிரம்பியவனை எழுத்து தடுப்பதில்லை. கழகத்தின் பெயர் காப்பாற்றப்பட்டது. மாணவனின் ஈரல் காப்பாற்றப்பட்டதா என்பது விதியின் கவலையன்று. சீருடை அணிந்த காவலர் மதுச்சாலையில் அமரலாகாது என்னும் கட்டுப்பாடும் இவ்வகையைச் சேர்ந்ததே. பலருக்குப் பொதுவான பெயரைக் காப்பதற்கு அது போதும். குடியால் நலியும் குடும்பத்துக்கு அது ஒரு சல்லியும் தராது.

அயர்லாந்திலே 1898ஆம் ஆண்டு ஜேம்ஸ் கல்லன் என்னும் இயேசு சபைக் குருவானவர் தொடங்கிய மதுவிலக்குச் சங்கம் வேறு வழியை மேற்கொண்டது. திரு இருதயச் சின்னம் பொறித்த சிறிய ஊசி ஒன்றை உறுப்பினர் பலரும் காண ஆடையில் குத்திக்கொள்வர். அதனை அணிந்தவர் ஆயுள் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை என்று வாக்களித்தவர். ஊசியைக் கண்ட மாத்திரத்தில் விருந்தளிப்பவர் கிண்ணத்தை நீட்டார். மறுத்துரைக்கும் சங்கடமும் இவருக்கு இல்லை. 'சாமி' என்னும் ஒரு சொல் மன்னார் வயலூர்களில் செய்யும் வேலையை அங்கே ஓர் ஊசி செய்கிறது.

மன்னார் மக்கள் சின்னங்களை இலேசாக எண்ணுபவர்கள் அல்லர். 1544ஆம் ஆண்டில், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தீவு மக்கள், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் படையால் வெட்டுண்டனர். அவ்வேதசாட்சிகளை நினைவுகூரும் ஆலயம் தோட்டவெளியில் இருக்கிறது. எருக்கலம்பிட்டி முஸ்லிம்களுக்கு மதுவிலக்கு ஆடையோடும் நாளோடும் பிணைந்ததன்று. அவர்கள் மார்க்கத்தில் அது எந்நாளும் உள்ளது. கத்தோலிக்க மீனவர் கழுத்தில் அணியும் உத்தரியத்துக்கோ மதுவைப் பற்றிய விதி எதுவும் இல்லை. ஆனால் அவரே மடுமாதாவின் திருப்பதிக்குச் செல்லும்போது, அப்புனித எல்லைக்குள் மதுவுக்கு இடமில்லை என்பதை அறிவார். மடுவையும் மதுவையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்களால் எழுதிவிடுவர். தமிழில் இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஓர் எழுத்தே.

இடத்தோடு பிணைந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை இத்தீவு ஒரு காலத்தில் கண்ணாரக் கண்டது. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடக்கம், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, ஒரு கரையில் குற்றமாக இருந்த கிண்ணம் மறுகரையில் வெறுங் கிண்ணமாக இருந்தது. கடலைக் கடந்தவனுடைய தாகம் மாறவில்லை; அவன் காலடியில் இருந்த சட்டமே மாறியது.

இவ்வளவும் கூறியபின், கள்ளிறக்குவோரை ஏசுவதும் முறையன்று. பனை நிறைந்த தீவிலே பாளை சீவி வாழும் குடும்பங்கள் உண்டு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். பூசாது விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்று, பாளை ஒன்று, சீவும் கையும் ஒன்று. முட்டி அணிந்த வெள்ளைப் பூச்சு ஒன்றே வேறுபாடு. ஆதலின் சின்னம் வெறும் புறத்தோற்றம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு காலம் அது பூசப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

காலத்தைப் பற்றிய இக்கேள்விக்கு விடை தேட வயலையே நோக்க வேண்டும். மாலை அணியும் கார்த்திகையும் மார்கழியும் உழவன் கையில் காசு அருகிய மாதங்கள். இருந்ததெல்லாம் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் போயிருக்கும். மண்டல பூசைக்கோ மகர சோதிக்கோ சென்று மீண்டவர் தை முடியுமுன் மாலையைக் கழற்றிவிடுகிறார். நெல் அறுத்து விற்றுப் பணம் வருவது மாசியிலும் பங்குனியிலும். அதாவது, செலவழிக்கக் காசு இல்லாத நாட்களில் காவல் இருக்கிறது. காசு வந்து சேரும் நாட்களில் கழுத்து வெறுமையாக இருக்கிறது. கடன் அடைக்க வேண்டிய பணம், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கென்று மனைவி எண்ணி வைத்த பணம், தவறணைக்கும் கசிப்புக்கும் போவது இம்மாதங்களிலேதான் எளிது.

கத்தோலிக்க உழவர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுடைய தவக்காலம் அறுவடையோடு சேர்ந்தே வருகிறது. 2025ஆம் ஆண்டில் விபூதிப் புதன் மார்ச் 5ஆம் நாள் வந்தது. தவக்காலம் முழுவதும் மதுவை விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்வோர் உண்டு. காலம் பொருத்தமானதே, ஆனால் நெற்றியில் இட்ட சாம்பல் மறுநாள் இருப்பதில்லை. 40 நாட்களும் அவரை இன்னார் என்று கூட்டாளிக்குக் காட்டும் மாலையோ ஊசியோ இல்லை. நேர்த்தியை அவரும் கடவுளுமே அறிவர். அழைக்கிறவன் அறியாதபடியால் அழைத்துக்கொண்டே இருக்கிறான். இவர் ஒவ்வொரு முறையும் புதிதாக மறுக்க வேண்டியிருக்கிறது.

அயலவரிடம் இரவல் வாங்குவது மன்னாருக்குப் புதியதன்று. தவக்காலத்து நேர்த்தியைத் தெரிவிக்கச் சிறு சின்னம் ஒன்றைப் பங்குச் சபைகள் வழங்கலாம். செலவு அதிகம் ஆகாது. ஐயப்ப அடியாரின் வீட்டிலோ சின்னம் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. மாலை கழன்றபின்னும் சூடடிப்பு முடியும்வரை, வீட்டாரும் கூட்டாளிகளும் அவரைச் 'சாமி' என்றே அழைத்து வந்தால் அதற்கு எந்த விதியிலும் தடை இல்லை.